வெப்பத் தாக்கு: அறிகுறியும் பரிகாரமும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கும் அற்றன் பகுதியிலும் வாழும் கமக்காரரும் தோட்டத் தொழிலாளரும் குளிருக்குப் பழகியவர்கள். ஆகவே, அவர்கள் பொலன்னறுவை, அனுராதபுரம் போன்ற வெப்ப நாட்டு வயல்களில் அறுவடைக்கு இறங்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நண்பகலில் பொலித்தீன் கூடாரத்தினுள் மரக்கறிப் பயிரைப் பராமரிப்போருக்கும் இது பொருந்தும்.

அறிகுறிகள்

உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு ஆகும். தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியன முதற் குறிகள். இந்நிலையில் நிழலில் படுக்கவைத்து, நீரோ உப்பிட்ட கஞ்சியோ பருகக் கொடுத்தால் பெரும்பாலோர் தெளிவர். உட்சூடு 40 பாகைக்கு மேற்பட்டு, பிதற்றல், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணின் அது வெப்பத் தாக்காகும். தாக்குண்டவருக்கு வியர்வை நின்றிருக்கும் என்று பலர் எண்ணுவர். கடும் உழைப்பின் இடையே வீழ்ந்தவருக்கு வியர்வை வழிந்துகொண்டே இருப்பதும் உண்டு. ஆதலால் அறிவு தடுமாறுவதையே முதன்மைக் குறியாகக் கொள்ளல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. 1990 என்னும் இலக்கத்திற்கு அறிவித்து நோயாளர் காவு வண்டியை வரவழைக்கவும்.

2. வண்டி வரும்வரை காத்திராது உடனே குளிரச் செய்யவும். மேலாடையை நீக்கி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை இடைவிடாது ஊற்றி, விசிறவும். பெரிய தொட்டி இருப்பின், தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்தளவு நீரில் இருத்தலாம்.

3. அறிவு தெளியாதவருக்கு எதனையும் பருகக் கொடுத்தல் ஆகாது, மூச்சடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைக்கவும்.

4. காய்ச்சல் மாத்திரை கொடுக்க வேண்டாம். இச்சூடு காய்ச்சலன்று, மாத்திரையால் தணியாது.

வைத்தியசாலையில்

வாய், அக்குள் ஆகியவற்றின் அளவு உட்சூட்டைச் சரியாகக் காட்டாது. எனவே வைத்தியர் மலவாயில் வெப்பமானி வைத்து அளப்பர். சூடு 39 பாகையளவில் தணியும்வரை குளிர்விப்பர். நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றுவர். சிறுநீரகமும் ஈரலும் பழுதுற்றனவா என ஆராய்வர். வயற்சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சலும், கிருமிநாசினி தெளித்தவருக்கு நஞ்சேற்றமும் இதனை ஒத்த சில குறிகளைக் காட்டலாம். ஆகையால் நோயாளி செய்த வேலையையும் தெளித்த மருந்தின் பெயரையும் உடன் செல்வோர் தவறாது கூற வேண்டும்.

வருமுன் காத்தல்

புதிய வெப்பத்திற்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் செல்லும். முதல் வாரத்தில் வேலையைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். கடும் வேலையைக் காலையிலேயே முடித்து, தாகம் எடுக்குமுன் நீர் பருகி, நண்பகலில் நிழலில் இளைப்பாறுக. தனித்து வேலை செய்தல் தகாது. அறிவு தடுமாறியவர் தம் நிலையைத் தாமே உணரார். அருகிலிருப்பவரே அவரைக் காப்பாற்ற இயலும்.