அப்பாவின் ஜனதா மறுபடி ஓட

பீரோவில் பழைய எச்.எம்.டி. ஜனதா கிடக்கிறதா? 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது எச்.எம்.டி. ஜனதாவுக்கு பேட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் ஓடும். ரிப்பேர் பழக இதைவிட நல்ல வாட்ச் இல்லை.

நின்றுபோன வாட்சுக்குச் சாவியை முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், பல்சக்கரங்கள் தேயும்.

கழற்றும் முன், சாவி கொடுக்கும்போது இறுகும் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்குவதுதான் முக்கியம். திருகுக் குமிழை விரல்களால் பிடித்தபடி, பல்சக்கரத்தைத் தடுக்கும் சின்னக் கொக்கியைக் குச்சியால் விலக்குங்கள். குமிழ் விரலிடுக்கில் மெல்லப் பின்னோக்கிச் சுழலும். சட்டென்று விட்டால் பற்கள் உடையும்.

விக்கிரவாண்டி மாதிரி நெடுஞ்சாலை ஊர்களில் புழுதி அதிகம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் செல்போனில் படம் எடுங்கள். மயிரிழை போன்ற சுருளான ஹேர் ஸ்பிரிங்கை மட்டும் தொடாதீர்கள். வளைந்தால் நேராக்குவது கைதேர்ந்தவருக்கே கஷ்டம்.

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் வேண்டாம். வாட்ச் எண்ணெய், சக்கர அச்சைத் தாங்கும் கல் ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனையளவு போதும்.

பிளாஸ்டிக் கண்ணாடியின் கீறலுக்குப் பற்பசையைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தாலே பளிச்சென்றாகும்.

முதலில் ஓடாத மலிவு வாட்ச் ஒன்றைக் கழற்றிப் பூட்டுங்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பழைய வாட்ச் ரிப்பேர்க்காரர் யாராவது இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கைவேலையைப் பாருங்கள். அதன்பிறகு அப்பாவுடையதைத் திறக்கலாம்.