பஸ்காவும் இட்டலி மாவும்

சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று எங்கள் ஊர் ஓய்வுநாட் பள்ளியில் யான் சிறுவர்க்கு யாத்திராகமத்தின் பஸ்காப் பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். சிவகாசிக்கு அணித்தான அவ்வூரில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளரே மிகுதி. “புளிப்பில்லா அப்பம் என்றால், அந்த ஏழு நாளும் இட்டலி, தோசை ஆகாது என்பதுதானே, அண்ணா?” என்று ஒரு சிறுமி வினவினாள். “ஆம்” என்றேன். அவ்விடை பிழையென்பது பின்னரே தெரிந்தது. அதனைத் திருத்தும்பொருட்டு யான் கற்றவற்றை ஈண்டு எழுதலானேன்.

பிழைக்குக் காரணம் சொற்களே. தமிழ் வேதாகமத்தில் ‘அப்பம்’ என்பது ரொட்டிக்கு நிற்கின்றது. நம்மவர் செவிக்கோ அது அரிசி மாவைப் புளிக்கவைத்துச் சுடும் பண்டம். ‘புளிப்பு’ என்னும் சொல்லும் நாவின் சுவையையே நினைப்பூட்டும். எபிரேயர் இதனை ‘ஹாமேஸ்’ என்பர். அதன் வேரும் புளிப்பையே குறிப்பினும், சட்டத்தில் அது சுவையைப் பற்றியதன்று. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்னும் ஐந்து தானியங்களுள் ஒன்றன் மாவு நீருடன் கூடி நொதித்தலே ஹாமேஸ். அரிசி அவ்வைந்தனுள் இல்லை. அரிசி மாவு ஊறினால் கெடுமேயன்றி ஹாமேஸ் ஆகாது என்பது தல்மூது ஆசிரியரின் முடிபு. நம் கரிசற்காட்டுக் கம்பும் சோளமும் வரகும்கூட அவ்வைந்தனுள் சேரா. ஆகவே சட்டத்தின் சொற்படி பார்க்கின், எத்துணை புளித்த இட்டலி மாவும் ஹாமேஸ் அன்று.

இனி, கோதுமைக்குரிய விதி மிகக் கடியது. மாவில் நீர் பட்டது முதல் 18 நிமிடங்களுக்குள் அப்பம் அடுப்பிற் புகுந்து வெந்துவிடல் வேண்டும். யான் வீட்டிற் கோதுமை மாவைப் பிசைய, என் தாயார் கடிகாரம் பார்த்து நின்றார். உப்பும் எண்ணெயுமின்றித் தோசைக்கல்லிற் சுட்டெடுத்தோம். நேரம் தப்பவில்லை, பல்லுக்குத்தான் தப்பவில்லை! பண்டிகைக்கு முந்திய இரவில் வீட்டார் விளக்கேந்தி மூலைமுடுக்கெல்லாம் பழைய ரொட்டித் துணுக்கைத் தேடுவர். கிடைத்ததை மறுநாட் காலையில் எரிப்பர். இது மிகையென்று அயலார் நகைக்கலாம். மருந்து கலக்கும் அறையில் ஒரு மணற்றுகளும் ஆகாதென்று அறிந்த எங்கள் ஊரார் நகையார்.

இவ்விதிகளை அரிசியும் தேங்காயும் விளையும் நாட்டிற் காத்தவர் நம் மேற்கெல்லைக்கு அப்பாலிருந்த கொச்சி யூதர். கி.பி. 1000 அளவில் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன் யூதர் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. தமிழ் பயில்வார்க்கு அது காணத்தக்கது. மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி யூத ஆலயம் 1568ஆம் ஆண்டினது. இவர்கள் பஸ்காவிலும் அரிசி உண்டனர். ஆயினும், கோதுமை மணி ஒன்றேனும் கலந்திருத்தல் கூடாதென்று பெண்டிர் அரிசியை மணிமணியாய் ஆய்ந்தெடுப்பர். பஸ்காவிற்கென்று தனிப் பாத்திரங்களும் இருந்தன. இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைத்தல் யூதர்க்கு விலக்கு. தேங்காய்ப்பாலோ சட்டப்படி பாலன்று. அதனால் இறைச்சிக் குழம்பிற்கு அதுவே கொழுப்பும் சுவையும் தந்தது. விதியை நெகிழ்க்காமலே மலையாள நாட்டுச் சுவையையும் பெற்ற அப்பெண்டிரின் அறிவை யான் பெரிதும் வியக்கின்றேன். 1948க்குப் பின் இவருட் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குக் குடியேறினர். இன்று மட்டாஞ்சேரியில் எஞ்சியுள்ளோர் மிகச் சிலரே.

எல்லா யூதரும் இங்ஙனம் ஒழுகினரென்று கொள்ளற்க. ஐரோப்பாவின் அசுக்கெனாசியர் அரிசியையும் பருப்பு வகைகளையும் பஸ்காவில் நெடுங்காலம் விலக்கினர். அவர்தம் பந்தியில் என் மாணவியின் இட்டலிக்கு இடமில்லை. 2015இல் அமெரிக்காவிலுள்ள கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு இவற்றை உண்ணலாமென்று தீர்மானித்தது. ஆசாரம் மிக்கோர் அதனை ஏற்றிலர். முன்னரும் இத்தகைய வழக்கு எழுந்ததுண்டு. 1838இல் பிரான்சு தேசத்தில் புளிப்பில்லா அப்பத்திற்கு இயந்திரம் தோன்றியபோது, அஃது ஆகுமா ஆகாதா என்று ரபீமார் பல்லாண்டு வாதிட்டனர்.

பஸ்காவிற்கு ரொட்டி விதி எப்படியோ, அப்படியே அனுக்கா என்னும் விளக்குப் பண்டிகைக்கு எண்ணெய். தேவாலயத்தில் ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்னும் நினைவால் எண்ணெயிற் பொரித்தவற்றை உண்பர். கிழக்கு ஐரோப்பியர் உருளைக்கிழங்கு அடையும், இக்கால இஸ்ரவேலர் பழப்பாகு பொதிந்த மாவுருண்டையும் பொரிப்பர். நம் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா அவர் கண்ணிற் பட்டிலது போலும். எண்ணெய் வாணிகத்திற் பெயர்பெற்ற இவ்வூரார்க்கு இன்னொரு செய்தி: கொங்கணக் கரையிலிருந்த பெனெ இஸ்ரவேல் யூதர் செக்காட்டி வாழ்ந்தவர், ஓய்வுநாளிற் செக்கு ஓட்டாமையால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்கார், எனப்பட்டனர். அவர் எலியா தீர்க்கதரிசியின் பெயரால் நன்றி கூறிப் படைக்கும் ‘மலிதா’, ஊறவைத்த அவலிலே தேங்காயும் சர்க்கரையும் சேர்த்தது. திராட்சரசம் அரிதாயிருந்தமையால் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றின்மேல் ஆசி கூறினர்.

மீண்டும் அச்சிறுமியின் வினாவிற்கு வருவோம். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர் பெரிய வியாழன் இரவில் ‘பெசகா அப்பம்’ செய்வர். அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்குமுன்னரே அவித்து, வீட்டுத் தலைவர் செபித்துப் பகிர்ந்தளிக்க, தேங்காய்ப்பாலும் வெல்லமும் காய்ச்சிய ‘பா’லுடன் உண்பர். யூதச் சட்டத்தில் அரிசிக்கில்லாத விலக்கை, தம் வீட்டு மாவு புளிப்பதைக் கண்ட இவர்கள் தாமே அரிசிக்கும் வைத்துக்கொண்டனர் எனலாம். சிறுமி எண்ணியதும் இதனையே அன்றோ?

அடுத்த ஞாயிறு பாடத்தில் யான் முன்னர்க் கூறியது பிழையென்று ஒப்புக்கொண்டு இவையனைத்தையும் சொன்னேன். எல்லாங் கேட்டபின் அவள், “அப்படியானால் கொச்சியில் இட்டலி சாப்பிட்டிருப்பார்களா?” என்றாள். அரிசி உண்டனர் என்பது மட்டுமே எனக்குத் தெரியும் என்றேன்.