புதையல் காத்த பறவைநாகம்

புதுச்சேரி நகருக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர்களுள் செல்லிப்பட்டும் ஒன்று. சங்கரனுக்கு ஆபரணமாவது பாம்பு. ஆதலின் அவ்வாற்றின் பெயரே பாம்பை நினைவூட்டும். ஆற்றின் போக்கிற்கு எதிராக மேலே சென்றால் திருவக்கரை என்னும் ஊர் தோன்றும். அங்கே கல்லாய்ச் சமைந்த பெருமரங்கள் மண்ணிற் புதைந்து கிடக்கின்றன. அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பர் நிலநூல் வல்லார். அவ்வட்டாரத்துப் பழங்கதையோ அவற்றை வக்கிராசுரன் என்னும் அரக்கனுடைய எலும்புகள் என்று கூறும். இரண்டும் 'இஃது யாது?' என்ற ஒரே வினாவிற்குப் பிறந்த விடைகளே.

இத்தகைய ஊர்களில் கதை கேட்டு வளரும் சிறுவர்க்குப் புதையலும் அதனைக் காக்கும் நாகமும் புதியன அல்ல. பாழடைந்த மண்டபத்தின் அடியில் ஒரு பொற்குடம் இருக்கும். அதன்மேல் நாகம் ஒன்று படம் விரித்திருக்கும். அது பொன்னை உண்ணாது, அணியாது, விற்காது. பிறரைத் தீண்டவும் விடாது. ஐரோப்பியப் பழங்கதைகளிலும் இவ்வாறே ஒரு காவல் உயிர் உண்டு. அதற்குச் சிறகும் கால்களும் உள்ளன. வாயினின்று தீயும் எழும். ஆங்கிலத்தில் அதனை டிராகன் என்பர். தமிழில் வலுசர்ப்பம் என்றும் பறவைநாகம் என்றும் வழங்குவது உண்டு. நம்மவர் நாகத்தை அஞ்சுவதோடு அமையாது, பால் வார்த்து வணங்கவும் செய்வர். ஐரோப்பியக் கதைகளிலோ பறவைநாகம் பெரும்பாலும் பகையாகவே வரும். அத்தகைய பறவைநாகம் ஒன்றை உலகச் சிறுவர் பலருடைய நெஞ்சில் குடியேற்றியவர் டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர்.

ஜான் ரொனால்டு ரூயல் டோல்கீன் 1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவிலுள்ள புளூம்பாண்டைன் நகரிற் பிறந்தார். தாய் மேபல் அம்மையார் அவரையும் அவர் தம்பியையும் 1895-இல் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டே தந்தையார் தென்னாப்பிரிக்காவில் காலமானார். பொருள்வளம் குன்றிய அக்குடும்பத்தில் தாயே ஆசிரியரும் ஆனார். இலத்தீன் மொழியையும் செடிகொடிகளின் இயல்பையும் மகனுக்குக் கற்பித்தார்.

ஏறத்தாழ ஏழாம் வயதில் சிறுவன் பறவைநாகத்தைப் பற்றிக் கதை ஒன்று எழுதத் தொடங்கினான். தாய் அதனைப் பார்த்தார். கதையைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. 'பச்சை' என்னும் சொல்லை 'பெரிய' என்னும் சொல்லுக்கு முன் வைத்தது பிழை, பெரியது என்பதே முதலில் வரவேண்டும் என்று மட்டும் திருத்தினார். தமிழில் இத்துணைக் கடுமை இல்லை. ஆங்கில மரபு அவ்வாறு அமைந்தது. ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் ஐயம் சிறுவனைப் பற்றிக்கொண்டது. முதியவரான பின்னும் அது தம்மை விட்டு நீங்கவில்லை என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதினார். எழுதிய கதை மறந்துபோயிற்று. திருத்திய சொல் மறக்கவில்லை. 1904-இல் அத்தாயும் நீரிழிவு நோயால் இறந்தார். அப்போது டோல்கீனுக்கு வயது பன்னிரண்டு. பிரான்சிஸ் மார்கன் என்னும் கத்தோலிக்கக் குரு பிள்ளைகள் இருவரையும் காத்து வளர்த்தார்.

பின்னர் வந்தது முதல் உலகப் போர். 1916-இல் பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் போர்க்களத்தில் டோல்கீன் பணியாற்றினார். பள்ளி நாளில் அவரோடு நெருங்கிப் பழகிய தோழர் மூவருள் இருவர் அவ்வாண்டு முடியுமுன் மாண்டனர். அவரோ பதுங்குகுழிக் காய்ச்சலுற்று நாடு திரும்பினார். 1925-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியரானார்.

இல்லத்தில் நான்கு மக்கள் கதை கேட்கக் காத்திருந்தனர். 1930-ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு கோடை நாளில் அவர் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். சலிப்பூட்டும் அவ்வேலைக்கிடையே, மாணவன் ஒருவன் எழுதாது விட்ட வெற்றுத்தாள் கண்ணிற்பட்டது. அதில், வளையில் வாழும் 'ஹாபிட்' ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுதினார். ஹாபிட் என்றால் யாது என்பது அப்போது அவருக்கே தெரியாது! அவ்வொரு வரியே 'ஹாபிட்' என்னும் நூலாக வளர்ந்தது.

கையெழுத்துப்படி, இலண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் என்பாரிடம் சேர்ந்தது. சிறுவர் நூலைச் சிறுவரே மதிப்பிடல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் பத்து வயதினனான தம் மகன் ரேனரிடம் அதனைக் கொடுத்தார். படித்து மதிப்புரை எழுதினால் கூலி ஒரு ஷில்லிங். நூல் நன்று என்றும், ஐந்து முதல் ஒன்பது வயதுடையோர்க்கு ஏற்றது என்றும் சிறுவன் எழுதினான். தான் பத்து வயதை எட்டிவிட்டமையால், தன்னினும் இளையோர்க்கே அஃது உரியதென்று எண்ணினான் போலும்! 1937-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் நூல் வெளிவந்தது. முதற்பதிப்பின் 1,500 படிகளும் அவ்வாண்டு இறுதிக்குள் விற்றுத் தீர்ந்தன. பிற்காலத்தில் அது ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டது.

கதைத் தலைவன் பெயர் பில்போ பேகின்ஸ். ஹாபிட்டுகள் மனிதரிற் பாதி உயரமே உடையவர், தாடியில்லாதவர், வேளை தவறாது உண்டு வீட்டிலிருப்பதையே விரும்புபவர். பில்போவும் அத்தகையவனே. ஒருநாள், மாயவித்தை வல்ல காண்டால்ப் என்னும் முதியவர் குள்ளர் பதின்மூவரை அவன் இல்லத்துக்கு வரச்செய்கிறார். அவர்தம் தலைவன் தோரின். அவன் பாட்டன் ஆண்ட மலைக்கோட்டையை ஸ்மாக் என்னும் பறவைநாகம் கவர்ந்துகொண்டு, அங்குள்ள பொற்குவையின்மேல் படுத்திருந்தது. அதனிடமிருந்து பொருளைக் களவாட ஓர் ஆள் வேண்டும். ஒரு கரண்டியையும் களவாடி அறியாத பில்போவை அத்தொழிலுக்கு அமர்த்துகின்றனர்! மலையையும் காட்டையும் கடந்து செல்கையில், அணிந்தவரைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கும் மோதிரம் ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது.

மலையினுள் செல்லும் சுரங்கவழியில் குள்ளர் எவரும் இறுதிவரை துணை வரவில்லை. பில்போ தனியே நடக்கிறான். உள்ளே செந்நிற ஒளி தெரிகிறது. உறங்கும் நாகத்தின் மூச்சொலி கேட்கிறது. அவன் நின்றுவிடுகிறான். பின்னர் மேலும் நடக்கிறான். நாகத்தைக் கண்டபின் அவன் செய்தவற்றை விட, காணுமுன் எடுத்துவைத்த அவ்வடியே பெருவீரம் என்பது ஆசிரியர் கருத்து. போர்க்களத்தில் இருளில் நின்றவர் எழுதியது அது.

அவன் ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்து மீள்கிறான். விழித்தெழுந்த நாகம், எண்ணற்ற பொருள்களுக்கிடையே அவ்வொரு கிண்ணம் குறைந்ததை உணர்ந்து தீயுமிழ்ந்து சீறுகிறது. 'பெயோவுல்ஃப்' என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்திலும் கிண்ணம் ஒன்று களவுபோனமையாலே பறவைநாகம் சினந்தெழும். அக்காப்பியத்தை ஆழ்ந்து கற்ற டோல்கீன் 1936-இல் அதனைக் குறித்துப் பெயர்பெற்ற சொற்பொழிவு ஒன்றும் ஆற்றினார். பழம்புலவர் கொளுத்திய தீயை அவர் சிறுவர் கையில் விளக்காகக் கொடுத்தார் எனலாம்.

மறுமுறை பில்போ சென்றபோது ஸ்மாக் விழித்திருந்தது. மோதிரத்தால் மறைந்து நின்ற அவன், தன் பெயரைக் கூறாது புதிர்மொழிகளால் விடையிறுத்தான். புகழ்ந்து பேசி அதன் மார்பைக் காட்டச் செய்தான். நெடுங்காலம் பொற்குவையிற் படுத்தமையால் மணிகள் அதன் வயிற்றில் ஒட்டிக் கவசமாகியிருந்தன. ஆயின் இடமார்பில் ஓரிடம் மட்டும் வெறுமையாய் இருந்தது. அதனைக் கண்டது பெருவெற்றியே. ஆனால் தன் சொல்வன்மையில் தானே மயங்கிய பில்போ, பீப்பாயில் மிதந்து வந்ததைக் குறிக்கும் சொல்லொன்றையும் பெருமையாகக் கூறிவிட்டான். அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, ஏரி நடுவே மரக்கால்கள்மேல் அமைந்த எஸ்கரோத் நகரே தன் பகைவர்க்குத் துணைநின்றது என்று நாகம் முடிவுசெய்தது. நகரம் எரிந்தது. ஒரு சொல் மிகுந்ததற்கு அந்நகரத்தார் வீடிழந்தனர். எனினும், பில்போ தோழரிடம் மார்பின் குறையை எடுத்துரைத்தபோது பூங்குருவி ஒன்று கேட்டிருந்தது. அது பறந்து சென்று பார்டு என்னும் வில்லாளனுக்கு உணர்த்த, அவன் விடுத்த கடைசி அம்பு அவ்விடத்திற் பாய்ந்தது. நாகம் ஏரியில் வீழ்ந்து மாண்டது.

வேறோர் ஆசிரியராயின் இங்கே கதையை முடித்திருப்பார். டோல்கீனோ, நாகம் இறந்தபின் என்ன நிகழ்ந்தது என்று காட்டுகிறார். காவலற்ற பொன்னை வீடிழந்த மக்களும் வனவாசிகளான எல்ப் இனத்தாரும் பங்கு கேட்டனர். தோரின் ஒரு காசும் கொடேன் என்று வாயிலை அடைத்தான். வள்ளுவர் நன்றியில் செல்வம் என ஓர் அதிகாரமே வகுத்தார். அத்தகைய செல்வத்தின்மேல் இப்போது தோரின் படுத்தான். போர் மூளும் நிலையில், தோரின் உயிரினும் மேலாகத் தேடிய ஒளிமணியைப் பில்போ இரவில் எடுத்துச்சென்று எதிர்த்தரப்பாரிடம் கொடுத்தான். அதனைக் காட்டி அவர்கள் சமாதானம் பேசட்டும் என்பது அவன் எண்ணம். அது தன் பங்கென்று அவன் வைத்துக்கொண்டிருக்கலாம். கொடுத்தபின் ஓடி ஒளியாது, ஏசப்போகும் தோழரிடமே திரும்பி வந்தான். தோரின் அவனைக் கொல்லவும் துணிந்து, பின் துரத்திவிட்டான்.

கொடிய காப்லின் கூட்டம் படையெடுத்து வந்தமையால் பிணங்கியவர் ஒன்றாயினர். பெரும்போர் நிகழ்ந்தது. அதில் பெரும்பகுதியைப் பில்போ காணவில்லை. தலையிற் கல்பட்டு நினைவிழந்து கிடந்தான்! புண்பட்டுச் சாகுந் தறுவாயில் இருந்த தோரின் அவனை அழைத்து, தான் கூறிய கடுஞ்சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கண்மூடினான். பில்போ அழுதான்.

அவனுக்குப் பெரும்பங்கு தர முன்வந்தனர். அவனோ, பொன் நிறைந்த சிறுபெட்டி ஒன்றும் வெள்ளி நிறைந்த சிறுபெட்டி ஒன்றும் போதும் என்று கொண்டு ஊர் திரும்பினான். அங்கே அவன் வீட்டு வாயிலில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அவன் இறந்துவிட்டான் என்று உறவினர் முடிவுகட்டியிருந்தனர். தான் உயிரோடிருப்பதை ஊராருக்கு மெய்ப்பிக்கவே நெடுநாள் ஆயிற்று. தன் பொருள்கள் பலவற்றைத் தானே விலை கொடுத்து மீட்டான். வெள்ளிக் கரண்டிகள் பல மட்டும் கடைசிவரை திரும்பி வரவேயில்லை.