ஆப்புக்குள் ஃபிளட்டர்: கேரி தீவுக்கு அனுப்பும் முன்

ஏற்கெனவே ஓடும் தோட்ட ஆப்புக்குள் ஃபிளட்டர் மாட்யூல் ஒன்றைச் செருகப் போகிறீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில், வைஃபையில், புதுப் போனில் எல்லாமே ஓடும். தோட்டம் இருக்கும் கேரி தீவில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு முடிந்து செம்பனைக்குள் நுழைந்து குலைகளை எண்ணிப் பதியும் மண்டோர் கையில் இருப்பது 2 ஜிபி ரேம் போன். நாலு நிரை உள்ளே போனால் லைன் கிடையாது. நாங்கள் சூடுபட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இன்றைக்கே உங்கள் கோடைத் திறந்து பாருங்கள்.

செய்ய வேண்டியவை

• ஃபிளட்டர் எஞ்சினை முன்கூட்டியே கிளப்பி வையுங்கள். பட்டனை அழுத்திய பிறகு கிளப்பினால் பழைய போனில் வெற்றுத் திரைதான் நிற்கும். ஆப் தொங்கிவிட்டது என்று மூடிவிடுவார்கள்.

• பல திரைகளுக்கு எஞ்சின் குரூப் பயன்படுத்துங்கள். 2021இல் ஃபிளட்டர் 2 உடன் வந்தது. கூடுதல் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் சுமார் 180 கேபி நினைவகம்தான் போகும்.

• பதிவுகளைத் தாய் ஆப்பில், ஒரே இடத்தில் சேமியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் கொடுங்கள். எங்கள் முதல் பதிப்பில் மாட்யூலும் தாய் ஆப்பும் தனித்தனியாகப் பதிவுகளைப் பிடித்து வைத்திருந்தன. லைன் வந்ததும் இரண்டுமே அனுப்பின. வெட்டியது 86 குலை, சம்பளத்துக்கான செக்ரோலில் ஏறியது 172. கண்டுபிடித்தது தோட்ட ஆபீஸ் கிராணி, நாங்கள் இல்லை. அந்த மாதச் சம்பளக் கணக்கை அவர் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

• இரு பக்கமும் பேசிக்கொள்ளும் கோடைப் பிஜன் பேக்கேஜ் கொண்டு உருவாக்குங்கள். கையால் எழுதிய சேனல் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது.

• மாட்யூலை அணைக்க உங்கள் சர்வரில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள்; எஞ்சினைக் கிளப்பும் முன்பே அதைப் படியுங்கள். 2020 ஜூலை 10 அன்று ஃபேஸ்புக் தன் சர்வரில் செய்த ஒரு மாற்றத்தால், அதன் எஸ்டிகேயை உள்ளே வைத்திருந்த ஸ்பாட்டிஃபை, டிண்டர், பின்டரெஸ்ட் ஐபோன் ஆப்கள் திறந்தவுடனே விழுந்தன. அந்த ஆப்காரர்கள் கோடில் ஒரு வரியும் மாறவில்லை. பயனர் திட்டியது என்னவோ அவர்களைத்தான்.

• ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் இணைந்த மேனிஃபெஸ்டைத் திறந்து பாருங்கள். பிளகின்கள் சத்தமில்லாமல் லொக்கேஷன் அனுமதியைச் சேர்த்துவிடும். மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், பெருங்கேடு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும். தேவையில்லாததை வாங்கி வைக்காமல் இருப்பதே நிம்மதி.

• 16 கேபி பேஜ் அளவைச் சோதியுங்கள். ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேலான பதிப்பைக் குறிவைக்கும் ஆப்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் பிளே ஸ்டோர் இதைக் கேட்கிறது. உங்கள் கோடு சரியாக இருந்தாலும் பிளகினுக்குள் இருக்கும் பழைய லைப்ரரி மாட்டிவிடும்.

செய்யக்கூடாதவை

• டீபக் பில்டை வைத்து வேகத்தை எடை போடாதீர்கள். அது மெதுவாகத்தான் ஓடும். ரிலீஸ் பில்டைப் பழைய போனில் போட்டுப் பாருங்கள்.

• ஒரே ஆப்பில் இரண்டு ஃபிளட்டர் லைப்ரரிகளைத் திணிக்காதீர்கள். ஃபிளட்டர் அதை ஆதரிப்பதில்லை. இரு டீம் என்றால் ஒரே மாட்யூலில் சேர்ந்து எழுதட்டும்.

• பெயரின் முதலெழுத்தை எடுக்க சப்ஸ்டிரிங் போடாதீர்கள். முனியம்மா, மாரியம்மா, மீனாட்சி மூவருமே புரொஃபைல் வட்டத்துக்குள் வெறும் 'ம' ஆகிவிடுவார்கள். உயிர்மெய்க் குறியைக் கணினி தனி எழுத்தாக எண்ணுகிறது. டார்ட்டின் கேரக்டர்ஸ் பேக்கேஜ் 'மு'வை முழுசாகத் தரும். மலாய்ப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிக்கிறவர் கண்ணில் இது படவே படாது.

• ஃபிளட்டர் பதிப்பை ஆளுக்கொன்றாக வைக்காதீர்கள். உங்கள் மெஷினில் பில்ட் ஆவது பக்கத்து மேசையில் உடையும்.

• எல்லாருக்கும் ஒரே நாளில் வெளியிடாதீர்கள், அதுவும் சம்பள வாரத்தில் வேண்டவே வேண்டாம். முதலில் ஒரே ஒரு மண்டோர் போனில் போடுங்கள். பாலம் தாண்டித் தீவுக்குப் போய், பெரட்டிலிருந்து கடைசிக் குலை எண்ணி முடிக்கும்வரை அவர் கூடவே நில்லுங்கள்.