அச்சக் கதையில் முதனூலும் வழிநூலும்

மலருக்குப் படைப்புகள் கேட்கும்போதெல்லாம் மாணவர் சிலர் பேய்க்கதைகளைத் தருகின்றனர். அவற்றுட் பல, திரையிலோ நாவலிலோ முன்பே கண்ட பேயை எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. மேலைநாட்டார் இவ்வகையை 'ஃபேன் ஃபிக்ஷன்' என்பர். இரசிகர் புனைவு என நாம் வழங்கலாம். இது வெறும் திருட்டு என ஒதுக்குவாரும் உளர். நூலை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்த நன்னூலைப் பாடம் சொல்லும் நமக்கு அது பொருந்தாது. முன்னோன் முடிபை ஏற்றுத் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்ப்பது வழிநூல். அந்த வேறுபாடு இருக்கிறதா என்பதே கேட்கத்தக்க வினா.

அமெரிக்க எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்டின் (1890–1937) கதைகளைச் சூழ்ந்து எழுந்தவை இதற்குத் தக்க சான்று. 'வியர்டு டேல்ஸ்' இதழில் 1935இல், அவருடைய இரசிகரான 18 வயது இராபர்ட் பிளாக் ஒரு சிறுகதை எழுதினார். பழைய இலத்தீன் நூலொன்றை உரக்கப் படிக்கும் எழுத்தாளர் ஒருவரைக் கண்ணுக்குப் புலப்படாத உயிரொன்று வந்து பற்றுகிறது; அவர் குருதியைக் குடிக்கக் குடிக்க அதன் உருவம் சிவந்து தெரியத் தொடங்குகிறது. இறந்துபடும் அம்மனிதர் லவ்கிராஃப்டின் சாயலே. லவ்கிராஃப்ட் சினக்கவில்லை. பிளாக்கை நினைவூட்டும் 'பிளேக்' என்னும் இளைஞனைத் தம் மறுமொழிக் கதையில் கொன்று கணக்கைத் தீர்த்தார்! ஒளிக்கு அஞ்சும் ஓர் உயிர் பாழடைந்த தேவாலயத்தில் அடைபட்டிருக்கிறது. புயலில் மின்சாரம் நின்றுவிட, ஊரார் மழையில் மெழுகுவத்தி ஏந்திக் காவல் நிற்கின்றனர். 1936இல் வெளிவந்த இக்கதையில் நம்மை நடுங்கச் செய்வது பேயன்று. அணையப்போகும் அச்சிறு சுடர்களே.

இவ்வகையின் வலிமை இங்கே விளங்கும். சிறுகதைக்கு இடம் குறைவு. அச்சத்துக்குரிய உலகத்தை முன்னவர் அமைத்துத் தந்துவிட்டதால், பின்னவர் முதல் வரியிலேயே கதவைத் திறந்து உள்ளே செல்லலாம்.

குறையும் அங்கேயே பிறக்கிறது. லவ்கிராஃப்ட் மறைந்தபின் அவர் நூல்களைக் காக்க 1939இல் ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவர் ஆகஸ்ட் டெர்லெத். அவர் தொண்டு பெரிது. ஆயினும் தாம் எழுதிய தொடர்கதைகளில் அக்கொடுந்தெய்வங்களை நிலம், நீர், காற்று, நெருப்பு என வகைப்படுத்தி, அவற்றை எதிர்க்க நல்ல தெய்வங்களையும் நிறுத்தினார். அறியாமையில் விளைந்த அச்சம் அட்டவணையில் அடங்கியதும் அவிந்துபோயிற்று.

இன்னொரு குறை நம்மை நேரே தொடுகிறது. தம்மைக் கதையில் கொல்ல லவ்கிராஃப்ட் பிளாக்குக்கு வேடிக்கையாக எழுதித் தந்த அனுமதிக் கடிதத்தில் சாட்சியருள் ஒருவர் 'அப்துல் அல்ஹஸ்ரத்'. தீய மந்திர நூலொன்றை எழுதியதாக அவர் கற்பனை செய்த 'பித்துப் பிடித்த அரபியர்' அவர். 'ஆயிரத்தோரு இரவுகள்' படித்த சிறுவயதில் லவ்கிராஃப்ட் தமக்கே சூட்டி விளையாடிய பெயர் அது. அரபு இலக்கணப்படி அது பிழை. 'அப்துல்' என்பதிலேயே 'அல்' அடங்கியிருக்க, மீண்டும் ஓர் 'அல்' எதற்கு? சிறுவன் செய்த பிழையைப் பொறுக்கலாம். ஆனால் பின்வந்தோர் பலர் அப்பெயரை ஒரு மந்திரம்போல் அப்படியே படியெடுத்தனர். 'அடிமை' என்று பொருள்படும் 'அப்து', இறைவனின் திருநாமத்தோடு சேர்ந்தே நம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் காலைதோறும் அழைக்கப்படுகிறது; அக்கதைகளிலோ அது அச்சமூட்டும் ஒலி மட்டுமே.

லவ்கிராஃப்ட் எழுதிவைத்த கற்பனை வரலாற்றின்படி, அல்ஹஸ்ரத் கி.பி. 738இல் டமாஸ்கஸில் பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, புலப்படாத உயிரொன்றால் விழுங்கப்பட்டார். பார்த்து நின்ற அவ்வூர் மக்கள் யாவர்? அவர்களுள் அவரை மகனே என அழைத்தவர் உண்டா? நாம் படித்த வழிக்கதைகளில் அவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.