ஆங்கில வகுப்பில் தமிழ்: எந்த இடத்தில், எவ்வளவு?

ஆங்கில ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "தமிழே பேசாமல் நடத்தினால்தான் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள்" என்பார் ஒருவர். "வீட்டில் ஒரு ஆங்கில வாக்கியம்கூடக் காதில் விழாத பிள்ளைக்குத் தமிழில் சொல்லாமல் எப்படிப் புரியவைப்பது?" என்பார் அடுத்தவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எந்த முறையை எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பீரியட் முடியும்போது பிள்ளைகளின் வாயிலிருந்தும் பேனாவிலிருந்தும் எவ்வளவு ஆங்கிலம் வந்திருக்கிறது?

முழுக்க ஆங்கிலம்

1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பெர்லிட்ஸ் என்பவர் தொடங்கிய மொழிப் பள்ளி, தாய்மொழியைத் தொடாத நேரடி முறைக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் கூடிய காமன்வெல்த் மாநாடு, ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிப்பது நல்லது என்ற எண்ணத்தை வலுவாக்கியது. அதற்கு ஆதாரம் போதாது என்று மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992-இல் எழுதிய பிறகும் அந்த எண்ணம் நம் பள்ளிகளை விட்டுப் போகவில்லை.

இந்த முறை கச்சிதமாகப் பொருந்தும் வகுப்புகள் உண்டு. திருப்பூர்ப் பக்கம் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளும், ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே தமிழில் விளக்கினால் சிலருக்கு அதுவும் இன்னொரு வேற்றுமொழிதான். படம், செய்கை, நடிப்பு என்று ஆங்கிலத்திலேயே போவது நல்லது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பாட்டுக்கும் கதைக்கும் இதுவே போதும். "நோட்டைத் திற", "பக்கத்தில் இருப்பவரிடம் கேள்" போன்ற அன்றாடக் கட்டளைகளை எந்த வகுப்பிலும் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் நிஜமான ஆங்கிலம். தினமும் பொருளோடு காதில் விழுகிறது.

தமிழில் பேசிய பிள்ளைக்கு அபராதம் போடுவதை மட்டும் எந்தப் பெயரிலும் ஏற்க முடியாது. அந்தப் பிள்ளை ஆங்கிலம் பேசப் பழகுவதில்லை, பேசாமல் இருக்கப் பழகுகிறது.

வரிக்கு வரி தமிழ்

ஐம்பது பேர் இருக்கும் வகுப்பு, நெருங்கும் பொதுத்தேர்வு, முடியாத பாடங்கள். இந்த நெருக்கடியில் ஒரு வரி படித்து அதற்குத் தமிழ் சொல்லி, அடுத்த வரிக்குப் போவது சுலபம். ஆனால் நான் முதலில் கைவிடச் சொல்வது இதைத்தான். தமிழ் எப்படியும் வரும் என்று தெரிந்த பிள்ளை ஆங்கில வரி ஓடும்போது காதை மூடிக்கொள்கிறது. வருடம் முழுக்க இப்படி நடந்தால், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை தெரியும், கதையின் ஒரு வாக்கியத்தைத் தானாகச் சொல்லத் தெரியாது. மிகவும் தடுமாறும் வகுப்பில் பாடம் தொடங்கும் முன் கதைச் சுருக்கத்தை இரண்டு நிமிடம் தமிழில் சொல்லுங்கள், தப்பில்லை. அதன்பின் நூலை ஆங்கிலத்திலேயே படிக்கட்டும்.

ஆங்கிலம், தமிழ், மறுபடி ஆங்கிலம்

தமிழ் வழியில் படித்து வரும் பெரும்பாலான வகுப்புகளுக்கு என் தேர்வு இதுவே. சி.ஜே.டாட்சன் 1967-இல் இருமொழி முறை என்று நூலாக எழுதியது. பின்னாளில் ஜெர்மனியின் வொல்ஃப்காங் புட்ஸ்காம் விடாமல் வாதாடியது. ஆசிரியர் "ஐ ஹேவ்ன்ட் மேட் அப் மை மைண்ட்" என்கிறார். தாழ்ந்த குரலில், "நான் இன்னும் முடிவு பண்ணலை." உடனே மீண்டும் ஆங்கிலம். பிள்ளைகள் ஆங்கிலத்தைத் திருப்பிச் சொல்கிறார்கள். தமிழுக்கு ஆனது இரண்டு நொடி. சைகையிலும் சுற்றி வளைத்த விளக்கத்திலும் போயிருக்கக்கூடிய ஐந்து நிமிடம் பேச்சுப் பயிற்சிக்குக் கிடைக்கிறது. அடுத்த சுற்றில் ஆசிரியர் "அவ இன்னும் முடிவு பண்ணலை" என்று தமிழில் மட்டும் சொல்ல, ஆங்கிலம் பிள்ளைகளிடமிருந்து வர வேண்டும். மூன்றாவது சுற்றில் தமிழே கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, சொல்லுக்குச் சொல் தமிழ் தரக்கூடாது. முழு வாக்கியத்துக்கு, வீட்டில் பேசும் தமிழில் தர வேண்டும். ஆங்கிலத்தில் தமக்கே தயக்கம் உள்ள ஆசிரியர்களுக்கும் இம்முறை கைகொடுக்கும். அன்றைக்கு வேண்டிய பத்து வாக்கியங்களை முந்தின இரவே தயார் செய்துகொள்ளலாம்.

இலக்கணத்துக்குத் தயங்காமல் தமிழைப் பயன்படுத்துங்கள். "மூணு வருஷமா இங்க படிக்கிறேன்" என்பதில் தமிழ் நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆங்கிலம் "ஹேவ் பீன்" கேட்கிறது. "ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று பிள்ளை எழுதுவதன் காரணம் இங்கேயும் இருக்கிறது. இரண்டு வாக்கியத்தையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தைப் பிள்ளைகளையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

பிள்ளைகள் பேசும் தமிழ்

எட்டு, ஒன்பதாம் வகுப்புக் குழு வேலையில் தமிழில் விவாதித்து ஆங்கிலத்தில் எழுதுவதும் நல்ல வழி. வேல்ஸில் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1994-இல் விளக்கிய முறையும் இதை ஒட்டியதுதான்: ஒரு மொழியில் உள்வாங்கி, மற்ற மொழியில் வெளியிடுவது. யோசனை தாய்மொழியில் ஆழமாக ஓடும். ஆனால் முடிவில் ஆங்கிலம் வந்தே ஆக வேண்டும் என்பதில் ஆசிரியர் விட்டுக்கொடுக்கக்கூடாது. இல்லாவிட்டால் அது நல்ல தமிழ் அரட்டையாகவே முடியும்.

2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் பரவலாகத் தொடங்கிய ஆங்கில வழிப் பிரிவுகளில் நடத்துபவர்கள் பெயரைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் படிப்பவர்கள். ஜூன் மாதம் 'ஆங்கிலம், தமிழ், மறுபடி ஆங்கிலம்' முறையில் தொடங்கி, தமிழை மாதாமாதம் குறைத்து, ஜனவரிக்குள் முழு ஆங்கிலத்தை நெருங்கலாம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிய, மாதத்தில் ஒரு பீரியடை போனில் பதிவுசெய்து கேளுங்கள். உங்கள் தமிழோடு உங்கள் ஆங்கிலத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டியிருக்கும். பல வகுப்புகளில் பிள்ளைகள் பேசக் கிடைப்பது மிகக் கொஞ்ச நேரம்தான்.