தளர் – தளர்த்து

உதியன்குளங்கரை, பாறசாலைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும். இரண்டு மொழிக்கும் பொதுவான பழைய சொற்கள் பல உண்டு. 'தளர்' அவற்றில் ஒன்று.

தளர் என்றால் இறுக்கம் குறைவது. விறகுக் கட்டில் கயிறு தளர்கிறது. பாலராமபுரம் தறியில் பாவு நூல் தளர்ந்தால் நெசவு ஒழுங்காக வராது. வயதானால் நடை தளர்கிறது. கை கால் செயல் இழக்கும் நோயைத் தமிழில் பக்கவாதம் என்கிறோம். மலையாளத்தில் 'தளர்வாதம்' என்கிறார்கள்.

கயிறு தளர்வது போல மனமும் தளரும். அதைத்தான் 'மனம் தளர்ந்தது' என்கிறோம்.

இனி 'தளர்த்து' என்ற சொல்லைப் பாருங்கள்.

கயிறு தளர்ந்தது. இது தானாக நடந்தது.
கயிற்றைத் தளர்த்தினார். இது ஒருவர் செய்தது.

மனத்துக்கும் இப்படித்தான். "அவள் மனம் தளர்ந்து விட்டாள்" என்று எளிதாகச் சொல்கிறோம். அவள் மனத்தைத் தளர்த்தியது யார்? அதை யாரும் கேட்பதில்லை.

"இந்த வயதில் படித்து என்ன ஆகப் போகிறது?"
"உனக்கு இதெல்லாம் ஏறாது."

இவை மனத்தைத் தளர்த்தும் சொற்கள். சொன்னவர் மறந்து விடுவார். கேட்டவர் மறுநாள் வகுப்புக்கு வரமாட்டார்.

மனத்துக்கு உறுதி தருபவர்களும் உண்டு. ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்தவர் கார்த்தியாயினி அம்மா. சிறு வயதில் அவர் பள்ளிக்குப் போகவில்லை. கோயில்களைப் பெருக்கிச் சுத்தம் செய்து பிழைத்தார். தம் மகள் படித்ததைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்தது. 2018-ஆம் ஆண்டு, 96 வயதில், கேரள எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். 2020-இல் மத்திய அரசின் பெண் சக்தி விருது அவருக்குக் கிடைத்தது. 2023-இல், 101 வயதில் காலமானார். அவருக்கு நடை தளர்ந்திருந்தது. மனம் தளரவில்லை.

தளர், வளர். இரண்டு சொல்லுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. நாம் பிறரிடம் பேசும் சொல் எதைச் செய்கிறது? பேசும் முன் யோசிப்போம்.

பயிற்சி

1. சரியான சொல்லை எழுதுங்கள். (தளர்ந்தது, தளர்த்தினான்)
அ) முடிச்சு தானாகத் ..........
ஆ) அவன் முடிச்சைத் ..........

2. உங்கள் மனத்தைத் தளர்த்திய சொல் எது? உங்களுக்குத் தைரியம் தந்த சொல் எது? இரண்டையும் எழுதுங்கள்.